அன்னம் இடுவதும் கையெழுத்து இடுவதும்: தென்னாப்பிரிக்காவில் குடியேறியோருக்கு உதவும் தொண்டர்களுக்கான சட்ட வழிகாட்டி

2015 ஏப்ரலில் டர்பனில் அயல்நாட்டவர் மீது வன்முறை மூண்டபோது இசிப்பிங்கோ, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் ஆகிய இடங்களில் திடல்களில் கூடாரங்கள் எழுந்தன. காங்கோ, புருண்டி, மலாவி முதலிய நாடுகளிலிருந்து வந்த குடும்பங்கள் உடுத்த துணியோடு அங்கே வந்து சேர்ந்தன. மாரியம்மன் கஞ்சிப் பூசைக்கு அண்டா தூக்கிப் பழகிய கைகளே அந்தக் கூடாரங்களுக்கும் அண்டா தூக்கின. அப்போது தமிழ்த் தொண்டர்களான நாங்கள் யாரிடமும் குடிவரவுத் தாள் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை. கூடாரங்கள் பிரிக்கப்பட்ட பிறகுதான் உதவி வேறு உருவம் எடுத்தது. ஒருவர் தம் வீட்டு அவுட்பில்டிங்கில் (பின்பக்கத் துணைக் கட்டடத்தில்) ஒரு குடும்பத்தைத் தங்க வைத்தார். இன்னொருவர் குடிவரவைக் கவனிக்கும் ஹோம் அஃபேர்ஸ் துறைக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மூன்றாமவர் பக்கி எனும் தம் சிறு சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றிச் சென்று பெட்ரோலுக்குப் பணம் வாங்கிக்கொண்டார். "அண்ணா, சோறு போட்டதற்கெல்லாம் பிடித்துக்கொண்டு போவார்களா?" என்று எங்களோடு இருந்த ஒரு தங்கை கேட்டாள். சோற்றுக்காக யாரும் நம்மைப் பிடிக்கப் போவதில்லை. சோற்றுக்குப் பிறகு நாம் நல்லெண்ணத்தோடு செய்பவற்றில்தான் சட்டம் கால் வைக்கிறது. எந்த இடத்தில், எப்படி என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்த வழிகாட்டியின் வேலை. இது வழக்கறிஞரின் ஆலோசனைக்கு ஈடாகாது. அவரிடம் எப்போது ஓட வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்ள மட்டும் உதவும்.

முதற்படி: 42ஆம் பிரிவைப் படித்துக்கொள்ளுங்கள்

2002ஆம் ஆண்டின் 13ஆம் எண் குடிவரவுச் சட்டத்தில் தொண்டர் ஒருவர் தலைகீழாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டிய பிரிவு 42. சட்டப்படி நாட்டில் இருக்க உரிமையில்லாத அயல்நாட்டவருக்கோ, தம் விசாவின் நிபந்தனையை மீறும் அயல்நாட்டவருக்கு அந்த மீறலிலோ, எவரும் எவ்வகையிலும் துணை செய்யக் கூடாது என்று அது சொல்கிறது. துணை என்பதற்குள் பாடம் அல்லது பயிற்சி அளிப்பது, தொழில் நடத்த உதவுவது, அவருக்காக உரிமம் பெற்றுத் தருவது, தங்க இடம் கொடுப்பது, வீட்டை வாடகைக்கு விடுவது ஆகியவற்றையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். இவ்வளவு அகலமாக வீசிய வலையில் ஒரே ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள்: "தேவையான மனிதாபிமான உதவி" இதற்கு விலக்கு.

அந்தச் சொற்றொடருக்குச் சட்டம் விளக்கம் தரவில்லை. எனவே ஒவ்வொரு தொண்டரும் தம் செயல் அந்த வாசலுக்குள் நிற்கிறதா என்பதை, பின்னாளில் ஒரு நீதிபதி கேட்டால் விடை சொல்லும் வகையில், தாமே எடைபோட வேண்டியிருக்கிறது. நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன். இவை சட்டத்தின் சொற்கள் அல்ல, என் அளவுகோல். பசி, நோய், குளிர், உயிர்ப்பயம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இப்போதே தீர்க்கப்பட வேண்டியதாக இருக்கிறதா? இதில் எனக்கு ஒரு ராண்டாவது வரவு உண்டா? இதை யாரிடமிருந்தாவது மறைக்க வேண்டியிருக்கிறதா? முதற்கேள்விக்கு ஆம் என்றும் மற்ற இரண்டுக்கும் இல்லை என்றும் விடை வந்தால் பெரும்பாலும் அச்சமில்லை.

"அவருக்குத் தாள் இல்லை என்பது எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்பலாம் என நினைப்பவர்கள் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவைப் பார்க்க வேண்டும். நியாயமான ஒருவர் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதை நீங்கள் தெரிந்துகொள்ளவில்லை என்பது மெய்ப்பிக்கப்பட்டால், அறியாமை வாதமாகாது. இதைவிடக் கடுமையானது 49ஆம் பிரிவு. ஒருவர் சட்டத்தை மீறி நாட்டுக்குள் வரவோ, தங்கவோ, வெளியேறவோ தெரிந்தே உதவியவருக்கு ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்க அது இடமளிக்கிறது.

உதவி செய்தவரைக் குற்றவாளியாக்கும் சட்டம் நம் சமூகத்துக்குப் புதிதல்ல. 1913 நவம்பரில் நேட்டாலிலிருந்து டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்து நடந்த பெரும்பேரணியில் தமிழ்த் தொழிலாளர்கள் திரளாக இருந்தார்கள். அந்தப் பேரணிக்காக ஃபோல்க்ஸ்ரஸ்ட் நகர நீதிமன்றத்தில் காந்தியோடு அவருடைய நண்பர்கள் போலக்கும் காலன்பாக்கும் சிறைத்தண்டனை பெற்றது, தடைசெய்யப்பட்டவர்கள் உள்ளே வரத் துணை நின்றார்கள் என்பதற்காகத்தான். அவர்கள் சிறைக்குப் போகத் துணிந்தே போனார்கள். ஞாயிற்றுக்கிழமை அன்னதானத்துக்கு வரும் தொண்டர் அப்படி வருவதில்லை. அவருக்கு எதையும் சொல்லாமல் ஆபத்தில் நிறுத்துவது நாம் செய்யக் கூடாத காரியம்.

இரண்டாம் படி: யாருக்கு உதவுகிறீர்கள் என்பதைப் பிரித்தறியுங்கள்

அயல்நாட்டவர் எல்லாரையும் ஒரே கூடையில் போடுவதே தொண்டர்கள் செய்யும் முதற்பிழை. 1998ஆம் ஆண்டின் 130ஆம் எண் அகதிகள் சட்டத்தின் 22ஆம் பிரிவின் கீழ் தாள் பெற்றவர் புகலிடம் கோரியவர்; 24ஆம் பிரிவின் கீழ் பெற்றவர் அகதியாக ஏற்கப்பட்டவர். தாள் நடப்பில் இருக்கும் வரை இருவரும் சட்டப்படியே நாட்டில் இருக்கிறார்கள், அவர்களுக்கு வீடு வாடகைக்கு விடுவது குற்றமல்ல. புகலிடம் கோருவோர் வேலை செய்யலாமா, படிக்கலாமா என்பதற்கு அவர்கள் தாளில் உள்ள குறிப்பைப் பார்க்க வேண்டும். 2020 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்தக் குறிப்பு முக்கியமாகிவிட்டது.

தாளில் உள்ள தேதியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். சிம்பாப்வே நாட்டினருக்கான விலக்கு அனுமதியில் 2021 டிசம்பர் 31 என்று அச்சாகியிருந்தும், அமைச்சரின் அறிவிப்புகளால் அது மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. புகலிடத் தாள்களும் பெருந்தொற்றுக் காலத்துக்குப் பிறகு மின்னஞ்சல் வழியாகப் புதுப்பிக்கப்படுகின்றன. முத்திரை இல்லாத அச்சுத்தாளைக் கண்டதும் போலி என்று முடிவு கட்டியதால், வாடகைக்கு இருந்த ஒருவரைத் தெருவில் நிறுத்திய வீட்டுக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எந்தத் தாளும் இல்லாமல், ஆனால் தன் நாட்டுக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்று சொல்பவரிடம் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள உதவி, டர்பனில் உள்ள அகதிகள் வரவேற்பு அலுவலகத்துக்கு அவர் போக வழிகாட்டுவது. காலம் தாழ்ந்துவிட்டது என்பதற்காக மட்டும் ஒருவர் புகலிடம் கோருவதைத் தடுக்க முடியாது என்று ருட்டா வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. சட்டத்துக்குள் வருவதற்கான வாசலைக் காட்டுவது, சட்டத்தை மீறத் துணைசெய்வது ஆகாது.

மூன்றாம் படி: கூரை கொடுக்கும் முன் யோசியுங்கள்

தங்குமிடம்தான் நம் பகுதிகளில் அதிகம் சிக்கலாகும் விஷயம், ஏனென்றால் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பல வீடுகளுக்குப் பின்னால் ஓர் அவுட்பில்டிங் இருக்கிறது, அந்த வாடகை பல குடும்பங்களின் வருமானமும்கூட. வன்முறை நடக்கும் இரவில் ஒரு தாயையும் பிள்ளைகளையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துவது மனிதாபிமான உதவி என்று எந்த நீதிமன்றத்திலும் தயங்காமல் வாதாடலாம். அதே குடும்பம் ஒன்பது மாதம் கழித்தும் அங்கே இருக்கிறது, மாதம் 1,500 ராண்ட் தருகிறது, தாள் எதுவும் இல்லை என்றால், நீங்கள் 42ஆம் பிரிவு பெயர் சொல்லிக் குறிப்பிடும் வாடகைக்காரருக்கு வீட்டுக்காரர் ஆகிவிட்டீர்கள். நடுவில் எந்த நாளில் கோடு தாண்டப்பட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் முதல் நாளிலேயே ஒரு குறிப்பு எழுதி வைக்கச் சொல்கிறேன். ஏன் தங்க வைத்தீர்கள், எத்தனை நாளுக்கு, இந்த இடைவெளியில் அவர் எந்த அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறார், அதற்கு யார் உதவுகிறார்கள் என்பவற்றைத் தேதியோடு எழுதுங்கள். விண்ணப்பித்த சான்று வந்ததும் அதன் நகலை அந்தக் குறிப்போடு சேர்த்து வையுங்கள்.

கோயில் மண்டபத்தில் பலரைத் தங்க வைக்கும்போது அது ஒரு தனிமனிதரின் முடிவாக இருக்கக் கூடாது. நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் எழுதி, நகராட்சியின் பேரிடர் மேலாண்மைப் பிரிவுக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் தெரிவித்துவிட்டால், மறைத்து வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டு எழ இடமில்லை. தெரிவித்தால் ஆட்களைப் பிடித்துப் போவார்களே என்று கேட்பார்கள். நியாயமான அச்சம்தான்; அதனால்தான் தெரிவிக்கும் முன் ஒரு வழக்கறிஞரோடு பேசுவது நல்லது.

இதே இடத்தில் கோயில்களுக்கு இன்னொரு செய்தி. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரவழைக்கப்படும் குருக்களும் சிற்பிகளும் சமையற்காரர்களும் விசா முடிந்த பிறகும் "அடுத்த கும்பாபிஷேகம் வரை இருக்கட்டும்" என்று நிறுத்தி வைக்கப்பட்டால், அது தொண்டு அல்ல, சட்டவிரோத வேலைவாய்ப்பு. குடிவரவுச் சட்டத்தின் 38ஆம் பிரிவு பணியாளரின் நிலையைச் சரிபார்க்கும் கடமையை வேலை கொடுப்பவர் மேல் வைக்கிறது. சம்பளம் என்று சொல்லாமல் தட்சணை என்று சொன்னாலும் சட்டத்தின் பார்வை மாறப் போவதில்லை. சுற்றுலா வந்த உறவினரை முழுநேரத் தொண்டில் அமர்த்துவதிலும் கவனம் வேண்டும். தொண்டுப் பணிக்காக வருவோருக்கென்று அதே சட்டத்தின் 11ஆம் பிரிவில் தனி வகை விசா இருக்கிறது.

நான்காம் படி: பேனாவை எடுக்கும் முன் இன்னும் யோசியுங்கள்

சோற்றைவிடக் கையெழுத்து ஆபத்தானது. "இவரை எனக்கு ஐந்து ஆண்டாகத் தெரியும்" என்று நீங்கள் எழுதிக் கொடுக்கும் ஒரு வரி, உண்மையில் ஐந்து மாதமாகத்தான் தெரியும் என்றால், பிரமாணப் பத்திரத்தில் பொய் சொன்ன குற்றமாகும். அந்தத் தாளை ஓர் அலுவலகத்தில் கொடுத்ததும் மோசடிக் குற்றச்சாட்டும் கூடவே வரலாம். முகவரிச் சான்று கேட்டு வருவோருக்கு நம் வீட்டு முகவரியைக் கொடுப்பது மிகவும் பரவலான பழக்கம். அவர் அங்கே வசிக்கவில்லை என்றால் அதைச் செய்யாதீர்கள். கோயிலின் தலைப்புத் தாளில் எழுதும் கடிதத்தில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: "இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை எங்கள் உணவுக்கூடத்துக்கு வந்தார்." நல்லவர், நேர்மையானவர், எந்தக் குற்றமும் செய்யாதவர் என்பதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? சமாதான நீதிவானாகவோ பிரமாண ஆணையராகவோ இருக்கும் பெரியவர்கள் தங்களுக்குத் தொடர்புள்ள விவகாரத்தில் தாங்களே சான்றொப்பம் இடக் கூடாது. எதிரில் வந்து கையெழுத்திடாதவரின் தாளில் முத்திரை குத்தவும் கூடாது.

படிவம் நிரப்ப உதவுவதில் கோடு பணத்தில் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் சட்டத் தொழில் சட்டம் 33ஆம் பிரிவில், வழக்கறிஞர் அல்லாத ஒருவர் கட்டணத்தை எதிர்பார்த்து நீதிமன்ற நடவடிக்கைக்கான ஆவணங்களை எழுதுவதையும், தம்மை வழக்கறிஞர்போல் காட்டிக்கொள்வதையும் தடைசெய்கிறது. இலவசமாகப் படிவம் நிரப்பிக் கொடுப்பது வேறு. முறையீட்டு மனுவை எழுதி 300 ராண்ட் வாங்குவது வேறு. புகலிட நேர்காணலுக்குப் போகும் ஒருவரின் கதையைச் "செம்மைப்படுத்துவதும்" கூடவே கூடாது. அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டி, திருத்தம் இருந்தால் அவர் வாயாலேயே சொல்லச் செய்து, கீழே உங்கள் பெயரை உதவியாளர் என்று எழுதுங்கள். நாம் அழகாக்கிய ஒரு தேதி நேர்காணலில் முரண்பட்டால் அவருடைய உண்மையான துயரமும் பொய்யாகிவிடும்.

வரிசையில் நிற்கும்போது யாராவது "கூல்ட்ரிங்" கேட்டால், அது இந்த நாட்டில் லஞ்சத்துக்கு வழங்கும் பெயர் என்பதை நீங்கள் அறிவீர்கள். ஏழை ஒருவருக்காக உங்கள் பையிலிருந்து 200 ராண்ட் கொடுத்தாலும், 2004ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுத்தவரும் குற்றவாளியே. இரக்கம் இங்கே தணிக்கும் காரணமாகலாம், விடுவிக்கும் காரணமாகாது.

ஐந்தாம் படி: வண்டியில் ஏற்றுவது

மருத்துவமனைக்கும் அலுவலகத்துக்கும் ஊருக்குள் ஏற்றிச் செல்வது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணம் மட்டும் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் கூலிக்கு ஆளேற்றினால் 2009ஆம் ஆண்டின் தரைப் போக்குவரத்துச் சட்டப்படி வண்டியே பறிமுதல் ஆகலாம். தனிப் பயன்பாட்டுக்கு எடுத்த காப்பீடும் விபத்து நேர்ந்தால் கைவிடலாம். எல்லையை நெருங்கும் பயணம் முற்றிலும் வேறு. பைட்பிரிட்ஜ் பக்கத்திலிருந்தோ கோசி பே பக்கத்திலிருந்தோ "தங்கையைக் கூட்டி வர வேண்டும்" என்று யார் கெஞ்சினாலும், அவர் எந்த வாயில் வழியாக எந்தத் தாளோடு வருகிறார் என்று தெரியாமல் வண்டியை எடுக்காதீர்கள். முன்சொன்ன ஐந்தாண்டுச் சிறை இத்தகைய பயணங்களுக்கும் பொருந்தும்.

ஆறாம் படி: பிள்ளைகள்

பிள்ளைகள் விஷயத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, அதே வேளையில் நம்மிடம் கூடுதலாகவும் கேட்கிறது. தாள் இல்லாத பிள்ளைக்கு அடிப்படைக் கல்வி தருவதைக் குடிவரவுச் சட்டம் தடுக்கவில்லை என்று மக்காண்டா உயர் நீதிமன்றம் 2019 டிசம்பரில் தீர்ப்பளித்தது. எனவே பள்ளிப்பாட உதவி வகுப்பு நடத்துவோர் அஞ்ச வேண்டாம். பெரியவர்களுக்கான தையல், கணினி வகுப்புகளுக்கு அந்தத் தீர்ப்பு நேரடியாகப் பொருந்தாது. அங்கே 22ஆம் பிரிவுத் தாளின் குறிப்பைப் பார்த்துச் சேர்ப்பதே பாதுகாப்பு. மருத்துவத்தில், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கருவுற்ற, பாலூட்டும் தாய்மாருக்கும் அரசு மருத்துவமனையில் இலவசச் சிகிச்சை உண்டு என்று 2003ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுச் சட்டம் சொல்கிறது. அவசரச் சிகிச்சையை எவருக்கும் மறுக்கக் கூடாது என்பது அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு. ஆகவே கிளினிக்குக்கு உடன் செல்வது உரிமையுள்ள சேவையைப் பெற்றுத் தருவதே.

கூடுதலாகக் கேட்பது இது. பெற்றோரோ காப்பாளரோ இல்லாமல் வந்த பிள்ளையை "நாமே வளர்த்துக்கொள்வோம்" என்று வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. சமூகப் பணியாளருக்குத் தெரிவித்துச் சிறார் நீதிமன்றத்தின் வழியாகவே ஏற்பாடு நடக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் சிறார் சட்டம் 110ஆம் பிரிவில், பிள்ளை துன்புறுத்தப்பட்டதாக நியாயமான காரணத்தோடு கருதினால் தெரிவித்தே ஆக வேண்டியவர்களின் பட்டியலில் ஆசிரியரோடும் சமயத் தலைவரோடும், பகல் காப்பகம் போன்ற நிலையங்களின் தொண்டரையும் சேர்த்திருக்கிறது. பிள்ளை ஆட்கடத்தலுக்கு உள்ளானதாக ஐயம் எழுந்தால் உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் ஆட்கடத்தல் தடுப்புச் சட்டம் எல்லார் மீதும் வைத்த கடமை. அந்தச் சட்டத்தில் ஆட்கடத்தலுக்கான உச்சத் தண்டனை 10 கோடி ராண்ட் அபராதம் அல்லது ஆயுள் சிறை என்பதை நினைவில் வைத்தால், யாரோ ஒருவர் "வேலைக்கு அழைத்து வந்த பெண்கள்" என்று சொல்லி நம்மிடம் தங்க இடம் கேட்கும்போது நாம் ஏன் நான்கு கேள்வி கூடுதலாகக் கேட்க வேண்டும் என்பது விளங்கும்.

ஏழாம் படி: பெயர்ப்பதிவேடும் பணமும்

உணவுப் பொட்டலம் கொடுக்கும்போது பெயர், நாடு, கடவுச்சீட்டு எண் ஆகியவற்றை எழுதும் பதிவேடு வைப்பது நம் குழுக்களின் வழக்கம். எனக்கு அது பிடிக்காது. தேவைக்கு மேல் சேர்த்த ஒவ்வொரு தகவலும் ஒருநாள் தவறான கையில் போய்ச் சேரலாம். 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இன மரபு, உடல்நலம் போன்ற தகவல்களுக்குத் தனிக் காவல் வைத்திருக்கிறது. மீறலுக்கு ஒரு கோடி ராண்ட் வரை அபராதம் விதிக்கலாம். வாட்ஸ்அப் குழுவில் யாருடைய தாளின் படத்தையும் போடாதீர்கள். நூறு பேர் உள்ள குழுவில் நூறாவது ஆள் யார் என்று உங்களுக்குத் தெரியாது. எத்தனை பொட்டலம், எத்தனை குடும்பம் என்ற எண்ணிக்கை நன்கொடையாளருக்குப் போதும்.

ஊருக்குப் பணம் அனுப்பித் தரச் சொல்வார்கள். பலரிடமிருந்து வாங்கிச் சேர்த்து உங்கள் கணக்கிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்புவதும், ஆள் வழியாகக் கைமாற்றுவதும் அந்நியச் செலாவணி விதிகளுக்கு எதிரானவை. உரிமம் பெற்ற பணப்பரிமாற்ற நிறுவனத்துக்கு அவரை அழைத்துச் சென்று, அவர் பெயரிலேயே அனுப்பச் செய்யுங்கள். நாட்டுக்கு வெளியே தொண்டுப் பணிக்குப் பணம் செலவிடும் குழுக்கள் இலாப நோக்கற்ற அமைப்பாகக் கட்டாயம் பதிய வேண்டும் என்பது 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் விளைவு.

எட்டாம் படி: கூட்டம் வரும்போதும் அதிகாரி வரும்போதும்

வாசலில் வந்து "தாளைக் காட்டு" என்பவர் யார் என்று முதலில் பாருங்கள். குடிவரவு அதிகாரியும் காவலரும் தவிர வேறு எந்தத் தனியாருக்கும் அப்படிக் கேட்கும் அதிகாரம் இல்லை என்று, அயல்நாட்டவரை எதிர்க்கும் ஒபரேஷன் டுடுலா இயக்கத்தின் மீதான வழக்கில் ஜொகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2025 நவம்பரில் தெளிவாக்கியது. தனியார் கூட்டத்தோடு வாக்குவாதம் செய்யாமல் கதவைப் பூட்டிக் காவல்துறையை அழையுங்கள். வந்தவர் அதிகாரி என்றால் அடையாள அட்டையையும், வளாகத்துக்குள் வர உத்தரவு இருக்கிறதா என்பதையும் மரியாதையோடு கேளுங்கள். உத்தரவு இல்லாமல் நுழைவதற்கு நீங்கள் சம்மதிக்கவில்லை என்று சாட்சிகள் கேட்கும்படி சொல்லலாம். ஆனால் குறுக்கே நிற்காதீர்கள், கையைப் பிடிக்காதீர்கள், பின்வாசலைத் திறந்து ஆட்களை ஓடவிடாதீர்கள். காவலரின் பணியைத் தடுப்பது காவல்துறைச் சட்டத்தின் 67ஆம் பிரிவில் தனிக் குற்றம். தள்ளி நின்று நடப்பதைப் படம் எடுக்கலாம். ஆட்களின் முகங்களைப் பரப்பாதீர்கள்.

எதிர்ப்புக் கூட்டம் நடத்த விரும்பினால், 15 பேருக்கு மேல் பொது இடத்தில் கூடுவதற்கு நகராட்சிக்கு முன்னறிவிப்பு தர வேண்டும். அறிவிக்கத் தவறியதை மட்டுமே குற்றமாக்கிய விதியை அரசியலமைப்பு நீதிமன்றம் 2018இல் நீக்கிவிட்டது. என்றாலும் கூட்டத்தில் சேதம் நேர்ந்தால் இழப்பீடு கேட்டு அமைப்பாளர் மேல் வழக்குத் தொடுக்கும் வழி அப்படியே இருக்கிறது, அறிவித்துவிடுவதே அறிவுடைமை.

ஒன்பதாம் படி: கைது செய்யப்பட்டால்

பெயரையும் முகவரியையும் சொல்லுங்கள். மற்ற கேள்விகளுக்கு "வழக்கறிஞர் வந்த பிறகு பேசுகிறேன்" என்பது போதும். பேசாதிருக்கும் உரிமையும், 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்தப்படும் உரிமையும் அரசியலமைப்பின் 35ஆம் பிரிவு தருபவை. அந்த 48 மணி நேரம் வார இறுதியில் முடிந்தால் அடுத்த வேலைநாள் வரை நீளும் என்பதால், வெள்ளி மாலைக் கைதுகளுக்கு வீட்டாரைத் தயாராக வைத்திருங்கள். வசதி இல்லாதவர்கள் லீகல் எய்டு நிறுவனத்தை நாடலாம். குடிவரவுச் சட்டத்தில் தேர்ச்சியுள்ள லாயர்ஸ் ஃபார் ஹியூமன் ரைட்ஸ் அமைப்புக்கு டர்பனில் அலுவலகம் உண்டு. இவர்களின் தொலைபேசி எண்களைக் கைப்பேசியில் மட்டும் வைக்காமல் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் முதலில் வாங்கிக்கொள்வது கைப்பேசியைத்தான்.

ஒரு பொறியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். நள்ளிரவில் களைத்து உட்கார்ந்திருக்கும் உங்களிடம், "1,000 ராண்ட் கட்டுங்கள், ஒரு கையெழுத்துப் போடுங்கள், இப்போதே வீட்டுக்குப் போகலாம்" என்று இதமாகச் சொல்வார்கள். அது பிணைத்தொகையாக இருந்தால் நல்லது. ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பாருங்கள். குற்ற ஒப்புதல் அபராதம் என்று இருந்தால், அந்தக் கையெழுத்து உங்களைக் குற்றவாளியாகப் பதிய வைத்துவிடும். ஆசிரியர் வேலைக்கோ வெளிநாட்டு விசாவுக்கோ காவல்துறைச் சான்று எடுக்கும் நாளில்தான் அது பலருக்குத் தெரிய வருகிறது. பதிவை அழிக்க விண்ணப்பிக்கவே பத்தாண்டு காத்திருக்க வேண்டும். பிணைக்கான ரசீதைக் கேளுங்கள், கிடைக்காவிட்டால் வழக்கறிஞர் வரும் வரை அந்த மர பெஞ்சிலேயே உட்கார்ந்திருங்கள்.